உறைபனியில் செடி ஏன் காய்ந்துபோகிறது?

மார்கழி விடியலில் ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் குளிர் நடுக்கும். கீழே வேலூர்ச் சமவெளியில் செடிகளுக்குப் பெரிய சோதனை அக்னி நட்சத்திர வெயில்தான். ஆனால் அந்த வெயிலில் நம்மூர்ச் செடியைக் காப்பாற்றும் ஹார்மோன், எங்கோ பனிதேசத்தில் ஒரு செடி உறையாமல் பிழைக்கவும் உதவுகிறது. எனக்கு இது தீராத வியப்பு.

வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதும், பெரும்பாலும் செல்களுக்கு வெளியே, அவற்றின் இடுக்குகளில் உள்ள ஈரம்தான் முதலில் உறையும். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது, அதன் சவ்வு சிதைகிறது. சுற்றிலும் பனி இருந்தும் செடி தண்ணீர் இல்லாமல்தான் சாகிறது.

அதனால்தான் வறட்சிக்கான ஹார்மோன் இங்கேயும் வேலை செய்கிறது. அதன் பெயர் அப்சிசிக் அமிலம். மண் காய்ந்தால் இலைத்துளைகளை மூடவைப்பது இதுதான். செல் வற்றும்போது உள்ளே இருப்பவை சிதையாமல் காக்கும் டிஹைட்ரின் புரதங்களை உருவாக்கவும் இது தூண்டுகிறது. குளிரே காட்டாமல் இந்த அமிலத்தை மட்டும் கொடுத்தாலும் சில செடிகளின் உறைபனி தாங்கும் திறன் கூடுவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

சரி, அப்சிசிக் அமிலம் மட்டும் போதுமா? போதாது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில், குளிர் பட்ட 15 நிமிடங்களுக்குள் சிபிஎஃப் என்ற மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவை காப்புப் புரதங்களுக்கான பல மரபணுக்களை இயக்குகின்றன. கூடவே, வளரச் சொல்லும் ஜிப்பரெலின் ஹார்மோனைக் குறைக்கின்றன. அதனால் செடி வளர்ச்சியை மட்டுப்படுத்திக்கொள்கிறது. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன், சிபிஎஃப் விழிப்பதற்கு இருக்கும் தடையை நீக்கிவிடும். அதே செடியில் எத்திலீன் என்ற ஹார்மோன் எதிர்ப்பக்கம் இழுத்து, சிபிஎஃப்பை அடக்கும்.

இதெல்லாம் உறையாத குளிரில் சில காலம் பழகும்போது நடக்கும் ஏற்பாடு. அப்படிப் பழகாத ரை என்ற தானியப் பயிர் மைனஸ் 5 டிகிரியிலேயே செத்துவிடும். பழகிய பிறகு மைனஸ் 30 வரை தாங்கும்!

நம் தோட்டத்துத் தக்காளிக்கு அந்தப் பழக்கமே வராது. அதனிடமும் 3 சிபிஎஃப் மரபணுக்கள் உண்டு, குளிர் பட்டால் ஒன்று விழிக்கவும் செய்கிறது. ஆனால் அது இயக்கக்கூடிய மரபணுக்கள் மிகச் சிலதான். உறைபனியைத் தாங்க அவை போதவில்லை.