லோதிகா சர்க்கார் கையெழுத்திட்ட கடிதமும் 120-ஆம் பிரிவும்

"உடம்புல ஒரு காயம்கூட இல்லையே, கேஸ் எப்படி நிக்கும்?" பாலியல் வன்முறைப் புகாரோடு போகிறவர்கள் இன்றும் கேட்க நேர்கிற கேள்வி இது. 1978-ல் உச்ச நீதிமன்றமே ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தது. மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணைப் பாலியல் வன்முறை செய்ததாகத் தொடுத்த வழக்கில், காயமில்லை, எதிர்ப்பில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட இரு காவலர்களையும் விடுவித்தது.

மறு ஆண்டு செப்டம்பரில் நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் லோதிகா சர்க்கார். கேம்பிரிட்ஜில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த முதல் பெண். சம்மதித்தவள் இணங்குவாள், சரி. பயத்தில் அடங்கி இணங்கியவளும் சம்மதித்தவள் ஆகிவிடுவாளா? கடிதத்தின் உயிர்நாடி இந்த வேறுபாடுதான். குற்றவியல் வகுப்பில் முதல் வாரத்திலேயே நடத்துகிற பாடம்!

அதையொட்டி எழுந்த போராட்டங்களால் 1983-ல் சாட்சியச் சட்டத்தில் 114-ஏ பிரிவு வந்தது. இன்று அது, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 120-ஆம் பிரிவு. உடலுறவு நடந்தது நிரூபணமாகி, "நான் சம்மதிக்கவில்லை" என்று பெண் சொன்னால், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இந்த அனுமானம் எல்லா வழக்குக்கும் கிடையாது. காவலர், சிறை அல்லது மருத்துவமனை ஊழியர், உறவினர், ஆசிரியர் போன்றோர் மீதான, பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 64(2)-இல் வரும் வழக்குகளுக்கு மட்டும். சம்மதிக்கவில்லை என்பதையும் பெண் நீதிமன்றக் கூண்டில் தன் வாயால் சொல்ல வேண்டும். போலீஸ் வாக்குமூலத்தில் இருந்தால் போதாது. ஆனால் உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகிவிடாது என்ற விதி, 2013 முதல் எல்லா வழக்குக்கும் உண்டு.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புகாரைப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் (மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்) தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது போலீஸின் கடமை. அதுவரை குளிக்க வேண்டாம். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல், ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தடயம் அதோடு போயிற்று.