மேல்தட்டில் சாப்பாடு, அடியில் என்ன?

படகு வெடுக்வெடுக்கென்று ஆடினால் பயப்படுகிறோம். சாய்ந்து, நிதானமாக நிமிர்ந்தால் 'சொகுசா போகுது' என்கிறோம். படகுகளுக்கு நிலைத்தன்மைக் கணக்குப் போடும் எனக்கு அந்தச் சொகுசுதான் கிலி. ஒரே அளவுள்ள இரண்டு படகுகளில் சட்டென்று நிமிரும் படகில் எடை கீழே இருக்கிறது. சோம்பலாக நிமிரும் படகில் எடை மேலே ஏறிவிட்டது.

எப்படி ஏறுகிறது? தேங்காப்பட்டணம் பக்கம் ஒருவர் பழைய மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்ற வேண்டும் என்று வந்தார். "மேல ஒரு தட்டு போட்டா இன்னும் இருபது பேரை ஏத்திரலாம்லா சார்?" ஏற்றலாம்தான். தட்டு வந்தால் கூரை, நாற்காலி, ஸ்பீக்கர் எல்லாம் பின்னாலேயே வரும். இரவுச் சாப்பாடு என்றால் மேலே தண்ணீர் டேங்கும் வரும். அது பாதி நிறைந்திருந்தால் இன்னும் மோசம்: படகு சாயும் பக்கமே தண்ணீரும் ஓடிச் சாய்வைக் கூட்டும். ஐஸையும் மீனையும் அடியில் சுமக்கக் கட்டிய படகு அது. முடியாது என்று சொல்லி அனுப்பினேன். வேறு யாராவது செய்து கொடுத்திருக்கலாம், தெரியாது.

எங்கள் தொழிலில் அடிக்கடி பேசப்படும் கப்பல் ஈஸ்ட்லேண்ட். 1903-இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்காகக் கட்டிய பயணக் கப்பல். அடுத்த ஆண்டே கூட்டத்தோடு போகும்போது ஆபத்தாகச் சாய்ந்து தப்பியது. டைட்டானிக் மூழ்கிய பிறகு உயிர்காப்புப் படகுகளை அதிகம் வைக்கச் சொன்னார்கள். அந்தக் கனமும் மேல்தளத்தில் ஏறியது. 1915 ஜூலை 24 காலை, தொழிற்சாலை ஊழியர்களும் குடும்பத்தாருமாக 2,500 பேருக்கு மேல் பிக்னிக் போக ஏறினார்கள். சிகாகோ ஆற்றில், துறையை விட்டு நகரும் முன்பே கப்பல் புரண்டது. அங்கே ஆழம் சுமார் இருபதடிதான். இறந்தவர்கள் 844 பேர்.

அமெரிக்கா தூரம் என்றால், கேரளத்துத் தானூர் இருக்கிறது. 2023 மே 7 அன்று அங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதுவும் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதுதான்; ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள். 2009-இல் தேக்கடியில் 45 பேர். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

லீவுக்குப் பூவாறு, ஆலப்புழை என்று கிளம்பினால், ஏறுவதற்கு முன் துறையில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். முன்னால் ஏறுகிறவர்களின் கனத்தில் படகு சாய்ந்து அப்படியே தயங்கி நின்றால் அதில் ஏறாதீர்கள். மேல்தட்டு முதலிலேயே கட்டியதா, பிறகு வைத்ததா என்று படகை ஓட்டும் ஸ்ராங்கிடம் கேளுங்கள். பதிவுச் சான்றிதழில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு கட்டாயம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைப் படகு கிளம்பும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் வாங்கி மாட்டுங்கள். அப்புறம், செல்ஃபிக்காக மொத்தக் குடும்பமும் ஒரே கைப்பிடிக் கம்பியோரம் கூட வேண்டாம், அதுவும் மேல்தட்டில்.