கம்யூனிட்டி காலேஜ்: சமுதாயமா, வட்டாரமா?

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் 'கம்யூனிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறான்' என்று ஊரில் சொல்லிப் பாருங்கள். 'எந்தக் கம்யூனிட்டி?' என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் மேல் தப்பில்லை. நம்மூரில் கம்யூனிட்டி சர்டிஃபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். 'சமுதாயம்' என்று தமிழில் சொன்னாலும் தப்பிக்க முடியாது. 'நம்ம சமுதாயத்துப் பையன்' என்று சுவரொட்டியில் இருந்தால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனில் உள்ள 'கொம்யூனிஸ்'. பொதுவானது, பலருக்கும் உரியது என்று பொருள். காலேஜுக்கு மூலமான 'கொல்லேகியும்' ஒரே பதவியோ தொழிலோ உள்ளவர்கள் சேர்ந்த குழுவைக் குறித்தது. அங்கே முதலில் ஆட்கள், கட்டடம் பிறகு. நம் 'கல்லூரி' அப்படியில்லை. சீவக சிந்தாமணியிலேயே அது கல்வி பயிலும் இடம்தான்.

அமெரிக்காவின் இந்த இரண்டாண்டுக் கல்லூரிகளுக்குத் தொடக்கத்தில் இந்தப் பெயர் கிடையாது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை 'ஜூனியர் காலேஜ்' என்று பிரித்தார். அவருடைய யோசனையை ஒட்டி 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில், உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்து, ஆறு மாணவர்களுடன் ஒரு ஜூனியர் காலேஜ் தொடங்கியது. உள்ளூரில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையத்தின் அறிக்கை 1947இல் வந்த பிறகு 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவியது. அதில் உள்ள கம்யூனிட்டி, கல்லூரியைச் சுற்றி வாழும் மக்கள், அந்த வட்டாரம். அவ்வளவுதான்.

வேதியியல்காரர்களுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 1984இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற புரூஸ் மெரிஃபீல்டு, பாசடீனா ஜூனியர் காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு (யு.சி.எல்.ஏ.) மாறியவர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சமுதாயக் கல்லூரி' புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் நம்மூரில் வேறொன்று உண்டு. 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள், படிப்பை விட்டவர்களுக்கும் ஏழைகளுக்கும் கைத்தொழில் கற்றுத்தருபவை. அங்கிருந்து பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டுக்குப் போகும் வழக்கமில்லை. பழைய பெயரைத் தமிழாக்கலாம் என்றால், 'தொடக்கக் கல்லூரி' என்பதைச் சிங்கப்பூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே அது ஏறக்குறைய நம் பிளஸ் டூ. என் ஓட்டு 'வட்டாரக் கல்லூரி'க்கு. ட்ரூமன் அறிக்கை நினைத்த பொருளுக்கு நெருக்கம். சாதி வாடையும் இல்லை.

அடுத்த தலைவலி 'டிரான்ஸ்ஃபர்'. வட்டாரக் கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போவதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நமக்கு டிரான்ஸ்ஃபர் என்றால் அரசு ஊழியரின் மாற்றல், இல்லாவிட்டால் பள்ளியில் வாங்கும் டி.சி. ஆகவே 'மாற்றல்' என்று எழுதினால் பையனை எங்கேயோ தூக்கியடித்த மாதிரி இருக்கிறது. லத்தீனில் 'டிரான்ஸ்' அப்பால், 'ஃபெர்ரே' சுமந்து செல்வது. மாணவன் சுமந்து போவது கிரெடிட்டுகளை, அதாவது முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகளை. நம்மூரில் இதற்குக் கிட்டத்தில் இருப்பது, பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ.யில் சேரும் 'நேரடி இரண்டாம் ஆண்டு'. அந்த வழியில் இதை 'மூன்றாம் ஆண்டுச் சேர்க்கை' என்றால் யாருக்கும் உடனே புரியும்.

வேதியியலில் இந்தச் சுமை கொஞ்சம் கவனமாகக் கட்ட வேண்டியது. முதல் ஆண்டில் பொது வேதியியல் இரண்டு பருவம், ஆய்வகத்தோடு: மோல் கணக்கு, வாயு விதிகள், வேதிச் சமநிலை. பிளஸ் டூ படித்தவர்களுக்குப் பாதி பழைய சோறுதான். கூடவே கால்குலஸும் இயற்பியலும். இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியல், அதுவும் இரண்டு பருவம். இயற்பிய வேதியியல் போன்றவை பல்கலைக்கழகம் போன பிறகுதான்.

சிக்கல் கரிம வேதியியலில் வருகிறது. எல்லா வட்டாரக் கல்லூரிகளும் அதன் இரண்டு பருவங்களையும் நடத்துவதில்லை. முதல் பருவத்தை இங்கே முடித்து இரண்டாவதை அங்கே படிக்கலாம் என்று போனால், பாடத்தை இரண்டு இடங்களும் ஒரே இடத்தில் வெட்டியிருக்காது. இங்கே இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிய நிறமாலையியல் அங்கே முதல் பருவத்திலேயே முடிந்திருக்கும். அதனால் ஒரு தொடரை ஆரம்பித்த கல்லூரியிலேயே முடிக்கச் சொல்வார்கள். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதற்குக் கல்லூரிகளுக்கிடையே ஒப்பந்தம் உண்டு. கலிஃபோர்னியாவில் 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் அதைப் பார்க்கலாம். இந்த ஒப்பந்தத்தின் பெயர் 'ஆர்ட்டிகுலேஷன்'; லத்தீனில் மூட்டு என்று பொருள். இதற்கு மட்டும் தமிழ் தேடி அலைய வேண்டாம். 'பாட இணைப்பு ஒப்பந்தம்' என்றால் போதும்.