குண்டுதாங்கித் தலைக்கவசம்: ஒரு சொல் விளக்கம்

காவல்துறைக்கோ ராணுவத்துக்கோ புதிதாக வாங்கினால் நம் நாளிதழ்கள் ‘குண்டு துளைக்காத தலைக்கவசம்’ என்று எழுதுகின்றன. ‘புல்லட் ப்ரூஃப் ஹெல்மெட்’ என்பதைத் தமிழாக்கியது. படிக்கத் தடையில்லை, பொருளும் சட்டென்று புரிந்துவிடும். ஆனால் அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தால் ‘துளைக்காத’ என்பது பாதி உண்மைதான். அதைத் துளைத்துக்கொண்டு போகிற குண்டும் உண்டு. துளைக்காமலே மண்டையை உடைக்கிற குண்டும் உண்டு.

முதலில் ஹெல்மெட். சேலத்துக்காரர் வாயில் ‘எல்மெட்டு’ ஆகிவிட்ட இந்தச் சொல், பழைய பிரெஞ்சில் ‘ஹெல்ம்’ என்பதோடு ‘சின்னது’ என்று பொருள்தரும் விகுதி சேர்ந்து பிறந்தது. பிரெஞ்சுக்கு அது ஜெர்மானிய மொழிகளிலிருந்து போனது. வேரின் பொருள் மூடுதல், மறைத்தல். வில்லியம் என்ற பெயரின் மூல வடிவம் வில்ஹெல்ம். அதன் பின்பாதியில் இருப்பதும் இதே தலைக்கவசம்தான்.

தமிழிலும் மறைப்பது என்ற கருத்திலிருந்துதான் பழைய சொல் பிறந்திருக்கிறது. உடம்பை மறைப்பதால் மெய்ம்மறை. பதிற்றுப்பத்தில் சேர மன்னனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று பாடுகிறார்கள். அங்கே சான்றோர் என்றால் படித்த பெரியவர்கள் அல்ல, வீரர்கள். வீரர்களுக்கே கவசமாக முன்னால் நிற்பவன் என்று பொருள். தலைக்கு மட்டும் உரிய சொல் ஒன்றும் உண்டு: தலைச்சீரா. தமிழ் வேதாகமத்தில் எபேசியர் 6:17-ல் ‘இரட்சணியமென்னும் தலைச்சீரா’ என்று வருகிறது. கோயில் பக்கம் கவசம், தேவாலயப் பக்கம் சீரா என்று இரண்டும் ஓதுகிறவர் நாவிலேயே இருந்து வந்திருக்கின்றன. கவசம் வடசொல் என்று சொல்லித் ‘தலைமறை’ என்று மாற்றலாம் என்பார் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. சஷ்டி கவசம் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டியிடம் போய் அது வேற்றுமொழிச் சொல் என்றால் நம்பமாட்டார். தலைக்கவசம் நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

குண்டு என்ற சொல்லில்தான் நெரிசல். உருண்டையாக இருப்பதெல்லாம் நமக்குக் குண்டு: குண்டுமல்லி, குண்டு பல்பு, குண்டாக இருக்கும் ஆள், வெடிகுண்டு, துப்பாக்கிக் குண்டு. ஆங்கிலத்தின் ‘புல்லட்’டும் பிரெஞ்சில் ‘சிறு பந்து’ என்ற பொருளிலிருந்து வந்ததே. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் போட்டது ஈய உருண்டை என்பதால் இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்று செய்தி வரும்போது கூடவே ‘பால்ரஸ்’ குண்டு என்றும் வரும். சைக்கிள் பேரிங்கில் இருக்கும் அந்த இரும்பு உருண்டையைத்தான் குழல்வாய் வழியாகப் போட்டுக் கெட்டிப்பார்கள். அது பழைய பொருளில் சுத்தமான குண்டு. இன்றைய துப்பாக்கியில் பாய்வது கூர்முனை வைத்த நீள்வடிவம், ஆனாலும் பெயர் மாறவில்லை. தோட்டா வேறு: பித்தளை உறை, மருந்து, முனையில் குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். எனவே ‘நெஞ்சில் தோட்டா பாய்ந்தது’ என்று எழுதுவது தவறு. பாய்வது குண்டு, உறை சுட்டவன் காலடியில் விழுந்து கிடக்கும். ஈழத்தமிழில் இதற்குச் ‘சன்னம்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், வெடிகுண்டோடு குழம்பாது. நாம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

சரி, ‘ப்ரூஃப்’. இன்று ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றால் தண்ணீர் புகவே புகாது என்று எடுத்துக்கொள்கிறோம். பழைய பொருள் ‘சோதித்துத் தேறியது’. ஐரோப்பாவில் கவசம் அடித்த கொல்லர்கள் மார்த்தகட்டின் மேல் கைத்துப்பாக்கியால் சுட்டு, விழுந்த பள்ளத்தை அப்படியே விட்டு விற்றார்கள். அந்தப் பள்ளம்தான் சான்று. அதாவது, இந்தத் துப்பாக்கிக்கு, இந்தத் தூரத்தில் தாங்கியது என்ற அளவுக்குத்தான் உறுதிமொழி. தமிழில் ‘துளைக்காத’ என்று எதிர்மறைப் பெயரெச்சம் போட்டதும் எந்தக் குண்டும் எப்போதும் துளைக்காது என்று ஆகிவிடுகிறது. இப்போது ஆங்கிலத்தில் எழுதும் தரநிர்ணய அமைப்புகளே ‘ப்ரூஃப்’பைத் தவிர்த்து, எதிர்த்து நிற்பது என்ற பொருளில் ‘ரெசிஸ்டன்ட்’ என்கின்றன.

முதல் உலகப் போரில் பிரான்சின் ஆட்ரியன், பிரிட்டனின் பிராடி இரண்டு தலைக்கவசமும் 1915-ல் வந்தன. அவை குண்டைத் தடுக்கச் செய்யப்பட்டவை அல்ல. தலைக்கு மேல் வெடித்துச் சிதறும் பீரங்கிச் சில்லுகளுக்காகத்தான். பிராடிக்குப் பயன்பட்டது இங்கிலாந்து உலோகவியலாளர் ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882-ல் கண்ட மாங்கனீசு எஃகு. சுமார் 12 சதவீதம் மாங்கனீசு கலந்தது, அடிபட அடிபட இறுகுவது. இங்கே சேலத்துக்காரருக்கு ஒரு கிளைக்கதை உண்டு. கிழக்கிந்திய கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பக்கத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் உருக்காலை தொடங்கியவர். இங்கிலாந்து திரும்பி, எஃகு செய்யும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். அதை வைத்துக் காசு பார்த்தது வேறு ஆட்கள், அவருக்கு மிஞ்சியது வழக்கு. ஹேட்ஃபீல்டின் எஃகு வேறு கலவை, வேறு கதை. ஆனாலும் சேலத்தை ஒட்டிய, இரும்புத் தாதுள்ள கஞ்சமலையைப் பார்க்கும்போது எனக்கு ஹீத் ஞாபகம் வருவது உண்டு.

எஃகின் கட்டுப்பாடு எடை. குண்டைத் தடுக்கும் கனத்துக்கு அடித்தால் கழுத்து தாங்காது. இந்த முடிச்சு அவிழ்ந்தது நூலில். 1965-ல் டூபாண்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தில் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவாலெக் கரைத்து வைத்த ஒரு பாலிமர், வழக்கமான கரைசலைப் போல் குழகுழவென்று இல்லாமல் தண்ணியாகவும் கலங்கலாகவும் இருந்தது. கொட்டவேண்டிய சரக்கு என்றே யாருக்கும் தோன்றும். அவர் விடாமல், இழை இழுக்கும் எந்திரத்தில் போடச் செய்தார். வந்த இழை எடைக்கு எடை எஃகை விடப் பல மடங்கு வலுவானது. வணிகப் பெயர் கெவ்லார், வகைப்பெயர் அராமிட். ‘அரோமேட்டிக்’, ‘அமைடு’ இரண்டையும் ஒட்டிச் செய்த பெயர். பாடநூல் தமிழில் ‘நறுமணப் பாலிஅமைடு’ என்று பெயர்த்தால் இலக்கணப்படி சரி, முகர்ந்து பார்த்தால் ஒன்றும் வராது. அராமிட் என்றே எழுதுவோம்.

தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் நண்பர் ஒருவரிடம் உள்ளங்கை அகல அராமிட் துணி கிடைத்தது. அம்மாப்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டினேன். வைக்கோல் மஞ்சள், பட்டு மாதிரி மினுக்கம். விரலால் தேய்த்துவிட்டு, “ஏனுங்க, இது சாதா நெசவுதானுங்களே, பாவு ஒண்ணு ஊடை ஒண்ணு, இதிலென்ன அதிசயம்?” என்றார். ஓரத்தில் வெட்டிப் பார்க்கக் கத்திரியைப் போட்டார். கத்திரி மென்றது, வெட்டவில்லை. இழைகள் வளைந்து இரண்டு அலகுக்கும் நடுவே புகுந்துகொண்டன. “மசிய மாட்டேங்குதுங்க” என்று நாலைந்து முறை முயன்றுவிட்டுத் துணியைத் திருப்பிக் கொடுத்தார். நெசவில் அதிசயம் இல்லை என்று அவர் சொன்னது சரிதான். குண்டு ஓர் இழையில் மோதினால் இழை இழுபடும். அந்த இழுப்பு இழை நெடுக விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நெடுக்கு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்து இழைக்கும் கொஞ்சம் பாரம் போகும். இப்படி ஒரு புள்ளியில் விழுந்த அடி ஒரு பரப்புக்கு விரிகிறது. நெருக்கி நெய்தால் நல்லது என்று தோன்றும். ரொம்ப நெருக்கினால் இழை அலையலையாக வளைந்து, நேராக இழுபட முடியாமல் போகும். அதனால்தான் பிறகு வந்த சில வகைகளில் நெசவையே விட்டுவிட்டு, இழைகளை ஒரே திசையில் பரப்பிப் பிசினால் ஒட்டி, அடுத்த படலத்தைக் குறுக்காக வைக்கிறார்கள்.

ஒரு படலம் போதாது. அமெரிக்க ராணுவம் 1980களில் கொண்டுவந்து 1983-ல் கரீபியன் தீவான கிரெனடாவில் முதலில் போர்க்களத்துக்கு எடுத்துப்போன தலைக்கவசத்தில் 19 அடுக்கு கெவ்லார் துணி. அடுக்குகளுக்குள் வேலைப்பங்கீடு இருக்கிறது. முதலில் இருப்பவை அறுபடும். ஆனால் அறுபடும்போதே குண்டின் முனையை நசுக்கிக் காளான் மாதிரி அகலமாக்கிவிடும். அகன்ற குண்டை அடுத்த அடுக்குகள் இழுபட்டுப் பிடிக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிசின் பிரிந்து விலகுவதும் ஆற்றலைத் தின்னும். அப்படிப் பிரிவதைக் குறை என்று எண்ணவேண்டாம், அதற்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள்.

பிசின் அளவில்தான் வடிவமைப்பாளரின் தலைவலி. அதிகம் ஊற்றினால் ஓடு விறைப்பாக இருக்கும், ஆனால் இழைக்கு அசைய இடமில்லாமல் சட்டென்று அறும். குறைத்தால் குண்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஓடு தொளதொளவென்று உள்பக்கம் புடைக்கும். இன்னொரு தொல்லை வளைவு. தட்டையான துணியைக் கிண்ண வடிவ அச்சில் அமுக்கினால் சுருக்கம் விழும். அதனால் ஓரங்களை வெட்டிவிட்டு, காகிதக் காற்றாடியின் இதழ்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் படிய வைக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கையும் கொஞ்சம் திருப்பி வைக்கவேண்டும். வெட்டுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்தால் அங்கேயே குண்டுக்கு வழி. பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே ஓடாகிறது. அராமிடுக்குப் பிறகு வந்த, மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலின் இழை இன்னும் லேசானது, தண்ணீரில் மிதக்கும். சூடு மட்டும் ஆகாது, 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். அராமிட் சூட்டைத் தாங்கும், வெயிலைத்தான் தாங்காது. துணியுறையோ வண்ணப்பூச்சோ இல்லாமல் வைப்பதில்லை.

‘துளைக்காத’ என்ற சொல் கைவிடும் இடம் உள்பக்கம். குண்டு நின்றுவிட்டது, துளை இல்லை. ஆனால் ஓட்டின் உள்பக்கம் ஒரு கணம் வேகமாகப் புடைத்து மண்டையில் இடிக்கும். அதில் எலும்பு உடையலாம். இந்தப் புடைப்புக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. உட்புடைப்பு என்று சொன்னால் யாருக்கும் புரியும். சோதனையில் தலை வடிவ அச்சின் பள்ளங்களில் எண்ணெய் கலந்த களிமண் அடைத்து, கவசத்தை மாட்டிச் சுட்டு, களிமண்ணில் விழுந்த குழியை அளக்கிறார்கள். அமெரிக்க ராணுவம் வைத்த வரம்பு நெற்றியிலும் பின்மண்டையிலும் 25.4 மில்லிமீட்டர், பக்கவாட்டிலும் உச்சியிலும் 16. இன்னோர் அளவும் உண்டு: சுட்ட குண்டுகளில் பாதி துளைத்தும் பாதி நின்றும் போகிற வேகம். ஆங்கிலத்தில் ‘வி 50’ என்பார்கள். துளைக்குமா துளைக்காதா என்பதையே பாதிக்குப் பாதி என்று அளக்கிற துறையில் ‘துளைக்காத’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

என் பரிந்துரை குண்டுதாங்கி. இடிதாங்கி ஏற்கெனவே நம்மிடம் உண்டு, சுமைதாங்கிக் கல் சாலையோரத்தில் உண்டு. இடிதாங்கி இடி விழாமல் தடுப்பதில்லை. விழுந்ததைத் தன்மேல் வாங்கிப் பரப்பி மண்ணுக்கு அனுப்புகிறது. அடுக்கு ஓடும் அதைத்தான் செய்கிறது. தாங்குதல் என்றாலே ஓர் அளவுக்குத்தான் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘குண்டு தடுப்பு’ என்பதும் தவறில்லை, ஆனால் சுவரும் அதைச் செய்யும்.

அந்த அளவு எது? 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டு சுமார் 8 கிராம், கவசச் சோதனையில் சுடும் வேகம் விநாடிக்கு 400 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஏகே 47-ன் குண்டும் ஏறக்குறைய 8 கிராம்தான், வேகம் 700 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்குகூட இல்லை, ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. போதாக்குறைக்கு உள்ளே எஃகுக் கரு வேறு. எனவே பெரும்பாலான குண்டுதாங்கிகளின் தரம் கைத்துப்பாக்கிக்கும் சில்லுக்கும் மட்டுமே. ரைபிள் குண்டுக்கு மார்க்கவசத்தில் முன்னால் அலுமினா போன்ற பீங்கான் தகடு வைப்பார்கள். அது முனையை நொறுக்கும், பின்னால் உள்ள இழை மிச்சத்தைப் பிடிக்கும். அலுமினாவுக்கு மூலம் பாக்சைட். ஏற்காட்டு மலைத்தலையில் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பினார்களே, அதே செம்மண் கல்தான். தலையில் வைக்கப் பீங்கான் கனம், வளைத்துச் செய்வதும் கடினம். இந்திய ராணுவத்தில் நெடுநாள் புழங்கிய ‘பட்கா’ வேறு வழியில் போனது: நெற்றியையும் பின்மண்டையையும் மட்டும் எஃகால் மூடி, மற்றதை விட்டுவிட்டது. சீக்கியர் தலையில் கட்டும் சிறு துணியின் பெயர் அது. துணி என்று பெயர், எடையோ இரண்டு கிலோவுக்கு மேல்.

அப்புறம், முன்னொட்டு இல்லாமல் வெறும் தலைக்கவசம் என்று எழுதினால் அது இருசக்கர வண்டிக்கு உரியது என்றே கொள்ளவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. வண்டித் தலைக்கவசத்தின் உயிர் உள்ளே இருக்கும் தெர்மாகோல். விழும்போது அது நசுங்கித் தலை மெல்ல நிற்க நேரம் கொடுக்கும். குண்டுதாங்கியில் அந்தக் கனத்துக்குத் தெர்மாகோல் கிடையாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ராணுவத் தோற்றத்துக்காக ஒருவர் அதை மாட்டிக்கொண்டு ஏறினால், ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததற்குப் போலீஸ் அபராதம் போடுவது நியாயமே.