18 சதவீதம் எங்கிருந்து வந்தது?

2022 அக்டோபர். லண்டனில் என் அலுவலகத்துக்கு வந்த பெரியவர் உட்காருவதற்கு முன்பே கைப்பேசியை நீட்டினார். "தம்பி, இதைப் பாருங்கோ. 18 வீதம் டிவிடெண்ட் எண்டு போட்டிருக்கு. பாங்கில போட்டா இதில கால்வாசியும் வராதே?"

திரையில் இருந்தது பெர்சிமன். பிரிட்டனின் பெரிய வீடு கட்டும் நிறுவனங்களில் ஒன்று. ஓய்வு பெறும்போது கைக்கு வந்த மொத்தப் பணத்தையும் அதில் போடலாமா என்று கேட்டார்.

ஒரு தாளை எடுத்து வகுத்தல் கணக்கு போட்டுக் காட்டினேன். கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுப்பது டிவிடெண்ட். கடந்த ஓராண்டில் ஒரு பங்குக்கு அப்படிக் கொடுத்த தொகையை இன்றைய விலையால் வகுத்தால் வருவதுதான் டிவிடெண்ட் யீல்டு. அந்த ஆண்டு பெர்சிமன் இரண்டு தவணையாகக் கொடுத்தது 125 பென்ஸும் 110 பென்ஸும், ஆக 235 (100 பென்ஸ் ஒரு பவுண்டு). ஆண்டுத் தொடக்கத்தில் பங்கு சுமார் 28 பவுண்டு. அப்போது யீல்டு 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அக்டோபரில் விலை 13 பவுண்டு பக்கம் வந்துவிட, அதே 235 பென்ஸ் 18 சதவீதமாகத் தெரிகிறது. கம்பெனி ஒரு பென்னிகூடக் கூட்டிக் கொடுக்கவில்லை.

சரி, விலை ஏன் விழுந்தது? பிரிட்டன் அரசு செப்டம்பர் 23 அன்று அறிவித்த மினி பட்ஜெட்டுக்குப் பிறகு இரண்டு வருட நிலையான வட்டி வீட்டுக்கடன் சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டியது. முதல் வீடு வாங்குவோருக்கு அரசு கடன் கொடுத்த 'ஹெல்ப் டு பை' திட்டமும் இங்கிலாந்தில் அக்டோபர் கடைசியோடு புது விண்ணப்பங்களை நிறுத்தியது. போதாததற்கு, 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு எழுந்த கட்டடப் பாதுகாப்புச் செலவும் வீடு கட்டும் கம்பெனிகள் தலையில். இதில் 2021இல் பங்குக்குச் சம்பாதித்ததில் ஏறக்குறைய எல்லாவற்றையும் டிவிடெண்டாகக் கொடுத்திருந்தது பெர்சிமன். வீடு விற்பது கொஞ்சம் குறைந்தாலே அந்தத் தொகையைத் தொடர முடியாது. சந்தை அதைத்தான் முன்கூட்டியே விலையில் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்த செக்டர் சராசரியைப் பாப்பமா?" என்றார். அது இன்னும் குழப்பம். டெட்டால், ஹார்பிக் தயாரிக்கும் ரெக்கிட்டும் செங்கல் அடுக்கும் கம்பெனிகளும் லண்டன் சந்தையில் வெகுகாலம் 'வீட்டுப் பொருட்கள், வீடு கட்டுமானம்' என்ற ஒரே பிரிவில் இருந்தவை. கழிவறை கழுவும் திரவத்தை வட்டி ஏறினாலும் வாங்குவோம், வீட்டை அப்படி வாங்க மாட்டோம். ரெக்கிட் 2019, 2020, 2021 மூன்று ஆண்டும் 174.6 பென்ஸ் கொடுத்தது, நகராமல். யீல்டு 3 சதவீதத்தை ஒட்டித்தான். இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது சாம்பாரையும் பாயசத்தையும் கலந்து ருசி பார்ப்பது மாதிரி.

வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொத்தப் பணமும் வேண்டாம், அடுத்த டிவிடெண்ட் அறிவிப்பு வரும்வரை பொறுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

2023 மார்ச்சில் அறிவிப்பு வந்தது: 2022ஆம் ஆண்டுக்கு மொத்தம் 60 பென்ஸ். அக்டோபரில் 13 பவுண்டுக்கு வாங்கியிருந்தால் கைக்கு வருவது நாலரை சதவீதத்துக்குச் சற்று மேல். அன்றே அவர் போன் செய்தார், ஆனால் பெர்சிமனைப் பற்றிப் பேசவில்லை. வரியில்லாத டிவிடெண்ட் வரம்பு ஏப்ரலில் 2,000 பவுண்டிலிருந்து 1,000 ஆகப் போகிறதே, டிவிடெண்டுக்கு வரி இல்லாத ஐசா முதலீட்டுக் கணக்கை அதற்குள் திறக்க முடியுமா என்று கேட்டார்.