மலைக்காட்டில் டிஸ்க் கோல்ஃப்: கையைவிடக் காலைக் கவனியுங்கள்

கல்லூரி மைதானத்திலோ பூங்காவிலோ டிஸ்க் கோல்ஃப் பழகியவர்கள் முதன்முறை மலைச்சரிவில் ஆடும்போது பெரும்பாலும் அடிபடுவது கணுக்காலிலும் முழங்காலிலும்தான். தோளும் முழங்கையும் பிறகுதான் வரும். எறிவது கை என்பதால் எல்லோரும் கையைத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். சமதளத்தில் அது சரி. சரிவும் வேரும் சருகும் ஈர மண்ணும் உள்ள இடத்தில், கால் எங்கே, எப்படி நிற்கிறது என்பதுதான் டிஸ்க் எங்கே போகும் என்பதையும், நீங்கள் முழுசாக வீடு திரும்புவீர்களா என்பதையும் முடிவுசெய்கிறது. விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்களாக நாங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேரள எல்லையை ஒட்டிய கூடலூர், பந்தலூர் வட்டார எஸ்டேட் நிலத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். வால்பாறை, கம்பம்–குமுளி, செங்கோட்டை–ஆரியங்காவு பக்கத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில், முடிந்தவரை குறைந்த எறிதல்களில் டிஸ்க்கை, அதாவது தட்டுபோலப் பறக்கும் பிளாஸ்டிக் வட்டை, சேர்க்க வேண்டும். 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். சங்கிலிக் கூடையும் அவர் தந்ததுதான். 1976-ல் அவர் தொடங்கிய பி.டி.ஜி.ஏ. (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) அமைப்பின் விதிகளைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம்.

முதலில் இடம். காப்புக்காட்டுக்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. யானை வழித்தடம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இடம் தனியார் நிலமாகவே இருந்தாலும் விட்டுவிடுங்கள். எஸ்டேட் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி மட்டும் போதாது. அன்றைக்கு எந்தப் பகுதியில் கொழுந்து பறிக்கிறார்கள், எங்கே மருந்து அடிக்கிறார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குனிந்து கொழுந்து பறிப்பவர் தேயிலைச் செடிகளுக்குள் கண்ணுக்கே தெரியமாட்டார். டிஸ்க்கின் விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை எடை இருக்கலாம் என்பது விதி. 21 செ.மீ. டிஸ்க் 174 கிராம் வரை வரும். நெடுந்தூரம் எறிவதற்கான டிரைவர் வகை டிஸ்க்கின் விளிம்பு கூர்மையானது. அது முகத்தில் பட்டால் எலும்பு உடையும், கண் போகும். வளைவுக்கு அப்பால் தெரியாத இடத்துக்கு எறிவதாக இருந்தால் ஒருவர் முன்னால் போய் நின்று கை காட்டிய பிறகே எறியுங்கள். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையே இந்த ஆட்டத்துக்கு நல்ல நாள்.

கால் எங்கே தவறுகிறது

வலது கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசி, எறிபவரின் வலது கால் முன்னால் ஊன்றி நிற்கும். டிஸ்க் கையை விட்டதும் இடுப்பு முழுவதும் இலக்கை நோக்கித் திரும்பும். அப்போது ஊன்றிய பாதமும் குதிகாலின் மேல் கூடவே சுழல வேண்டும். சிமென்ட் மேடையில் அது தானாக நடந்துவிடும். ஈரச் செம்மண்ணில் ஷூவின் பற்கள் புதைந்துவிட்டாலோ, பாதம் இரண்டு வேர்களுக்கு நடுவே சிக்கிவிட்டாலோ பாதம் சுழலாது, உடம்பு மட்டும் சுழலும். அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் மூட்டு வாங்கிக்கொள்ளும். மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிவதும், மூட்டைப் பிடித்துவைக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுவதும் இந்த ஒரு நொடியில்தான்.

இதைத் தவிர்க்க மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஊன்றும் பாதத்தின் விரல்களை முன்கூட்டியே இலக்கை நோக்கிப் பாதியளவு திருப்பி வைத்துக்கொண்டால் முறுக்கு குறையும். ஊன்றும் இடத்தில் உள்ள சருகை ஷூவால் ஒதுக்கி, குதிகாலைத் திருப்பிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் அந்த இடத்தில் முழு வேகத்தில் எறிய வேண்டாம். மூன்றாவது, ஓட்டத்தை விட்டுவிடுவது. எக்ஸ்-ஸ்டெப் எனப்படும் குறுக்குநடை ஓட்டம் சமதளத்துக்கானது. பின்னால் குறுக்கே வரும் கால் கண்ணுக்குத் தெரியாமல் இறங்குகிறது. அங்கே ஒரு கல்லோ வடிகால் குழியோ இருந்தால் கணுக்கால் உள்பக்கம் மடங்கும். நின்ற இடத்திலிருந்தே எறிந்தாலும், பழகியவருக்குத் தூரத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மரங்கள் நெருங்கிய பாதையில் அந்தத் தூரமே அதிகம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கால் சரியாக ஊன்றாதபோது இடுப்பிலிருந்து வர வேண்டிய விசை வராது. குறைந்ததைக் கையால் ஈடுகட்டப் பார்ப்பார்கள். மலைக் களத்தில் இரண்டு நாள் ஆடியபின் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்று வருபவருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். முழங்கைக்குப் பட்டை கட்டினால் வலி தணியும். காலை ஊன்றும் விதம் மாறாவிட்டால் திரும்ப வரும்.

ஷூ விஷயத்தில் கறாராக இருங்கள். 4 முதல் 6 மி.மீ. பற்கள் உள்ள டிரெயில் ஷூ போதும். அடிப்பாகம் தேய்ந்த ஜாகிங் ஷூ சில்வர் ஓக் சருகின் மேல் வழுக்கும். அட்டைக்குப் பயந்து கம்பூட்ஸ் போட்டு ஆடுபவர்கள் உண்டு. உள்ளே குதிகால் ஆடுவதால் கணுக்காலுக்குப் பிடிமானமே இருக்காது. நடக்க நல்லது, எறிய ஆகாது.

சரிவில் எறிவது

இங்கே வலது கை பேக்ஹேண்டை வைத்துச் சொல்கிறோம். இடது கையினர் இடம் வலமாக மாற்றிக்கொள்ளலாம்.

பக்கச்சரிவில் நிற்கும்போது கால்விரல் பக்கம் தாழ்ந்திருந்தால் உடம்பு முன்னால் குனியும். டிஸ்க் தானாகவே ஹைசர் கோணத்தில், அதாவது வெளி விளிம்பு தாழ்ந்து, கிளம்பும், இடப்பக்கம் இறங்கும். குதிகால் பக்கம் தாழ்ந்திருந்தால் உடம்பு பின்னால் சாயும். டிஸ்க் அன்ஹைசராகி, அதாவது வெளி விளிம்பு உயர்ந்து, வலப்பக்கம் ஓடும். சரிவோடு சண்டை போட்டு உடம்பை நிமிர்த்திக்கொண்டு எறியப் பார்ப்பதுதான் இடுப்பு வலிக்கும் வழுக்கலுக்கும் காரணம். சரிவு தரும் கோணத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப இலக்கை இடமோ வலமோ தள்ளி வையுங்கள்.

மேட்டை நோக்கி எறியும்போது பலர் செய்வது உடம்பைப் பின்னால் சாய்த்துக் கையை மட்டும் உயர்த்துவது. டிஸ்க்கின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, அது போகும் பாதையைவிட மேலே தூக்கிக்கொள்ளும். காற்று அடிப்பக்கத்தில் அடிக்கும். டிஸ்க் நடுவானில் நின்றுபோய் இடப்பக்கம் சரிந்து விழும். முன் தோளைச் சரிவின் கோணத்துக்கு உயர்த்தி, டிஸ்க்கின் மூக்கும் அதே கோட்டில் இருக்க எறிய வேண்டும். மேட்டில் வேகம் சீக்கிரம் குறைவதால் எந்த டிஸ்க்கும் வழக்கத்தைவிட முன்னதாகவே இடப்பக்கம் திரும்பும். அதனால் மிதவை அதிகமுள்ள, வலப்பக்கம் எளிதாகத் திரும்பும் மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தூர டிஸ்க்தான் இங்கே கைகொடுக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டரில் காற்றும் கொஞ்சம் மெலிது. அதுவும் இடப்பக்கம்தான் தள்ளும்.

பள்ளத்தை நோக்கி எறிவது சுலபம் என்று தோன்றும். தரை விலகிப் போவதால் டிஸ்க் நெடுநேரம் காற்றில் இருக்கும், சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். முன் தோளைத் தாழ்த்தி, மரக்கிளைகளுக்குக் கீழேயே ஓட விடுங்கள். கிளைமட்டத்துக்கு மேலே போய்விட்டால் பள்ளத்தாக்குக் காற்று பிடித்துக்கொள்ளும். பிறகு அது அடுத்த எஸ்டேட்டில்தான்.

கூடைக்குப் பக்கத்தில் வந்தபிறகு இன்னொரு கணக்கு. சரிவில் இருக்கும் கூடைக்கு மேலிருந்து பட் செய்து, அதாவது கிட்டத்திலிருந்து கூடைக்குள் எறிந்து, தவறினால் டிஸ்க் கீழே பறந்து போகும், இல்லை விளிம்பில் விழுந்து சக்கரம்போல உருண்டு 30 மீட்டர் இறங்கிவிடும். கீழிருந்து தவறினால் அருகிலேயே தரை தட்டி நிற்க வாய்ப்பு அதிகம். ஆகவே அதற்கு முந்தைய எறிதலிலேயே கூடைக்குக் கீழ்ப்பக்கம் விழும்படி பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். 10 மீட்டருக்குள் பட் செய்தபின் உடம்பு நிலையாக நிற்பதைக் காட்டாமல் டிஸ்க் கிடந்த இடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. சரிவில் இதில்தான் பலர் முன்னால் தடுமாறி விழுகிறார்கள். கால்களை அகட்டி நின்றோ, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியோ பட் செய்யலாம், விதி தடுக்கவில்லை.

தேடப் போகும்போது

மலைக் களத்தில் எறியும்போது அடிபட்டவர்களுக்குக் கொஞ்சமும் குறையாமல் டிஸ்க்கைத் தேடும்போது அடிபட்டவர்களும் வருகிறார்கள். தேட 3 நிமிடம் என்பது விதி. கிடைக்காவிட்டால் ஒரு அபராத எறிதலோடு, முன்பு எறிந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இந்த 3 நிமிடத்தைப் பாதுகாப்பு எல்லையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். புதரில் டிஸ்க் கிடைத்தாலும் அங்கே நின்று ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு அபராத எறிதலை ஏற்றுக்கொண்டு, கூடைக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான கோட்டிலேயே பின்னால் நகர்ந்து எறியலாம். குளவிக்கூடு, பாம்பு போன்றவை இருந்தால் அபராதமே இல்லாமல் பின்னால் நகரலாம். வளரும் கிளையை ஒடித்து வழி செய்வதை விதி அனுமதிக்காது, எஸ்டேட்காரர்களும் அனுமதிக்கமாட்டார்கள்.

பளிச்சென்ற இளஞ்சிவப்பு, வானநீல நிற டிஸ்க்குகளைக் கொண்டுவாருங்கள். ஆரஞ்சு செம்மண்ணோடு போய்விடும், பச்சையைச் சொல்லவே வேண்டாம். தொலைந்த ஒவ்வொரு டிஸ்க்கும் காட்டோரத்தில் நீங்கள் விட்டுப்போகும் பிளாஸ்டிக்.

கவாத்து செய்த தேயிலைக்குள் இறங்க வேண்டாம். சாய்வாக வெட்டிய கிளை நுனிகள் ஈட்டிபோல இருக்கும். தடுக்கி விழுந்தால் தொடையிலோ முகத்திலோ ஏறும். உண்ணிச்செடிப் புதருக்குள் கையை விடாதீர்கள். நாலடி நீளக் கம்பால் சருகைக் கிளறி, டிஸ்க்கைக் கம்பாலேயே இழுத்து, புரட்டிப் பார்த்த பிறகு கையில் எடுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை ஆடாமல் கட்டை வைத்துக் கட்டி, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. மேற்குத்தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. அதனால்தான் சின்னப் பாம்பு என்று வீட்டில் இருந்துவிடாமல் மருத்துவமனையில் ரத்தம் உறைவதைச் சோதித்துக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

யானை விஷயத்தில் வீரம் வேண்டாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் களத்தில் இருக்காதீர்கள். சூடு ஆறாத சாணம், புதிதாக ஒடித்த மூங்கில் கண்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. பலா பழுக்கும் மாதங்களில் யானை பலா மரத்தைத் தேடி வீட்டு வாசல் வரை வரும். பலா மரம் நிற்கும் ஓரத்தில் கூடை வைக்க வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் ஆட நினைக்காமல் இருப்பதே நல்லது. தேவாலா மழை தமிழ்நாட்டிலேயே பெயர்பெற்றது. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடி கேட்டால் கூடையை விட்டும் தனி மரத்தை விட்டும் விலகி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

கணுக்கால் மடங்கிவிட்டால்

அங்கேயே உட்காருங்கள். ஷூவைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வரும். இறங்க நெடுந்தூரம் இருந்தால் கழற்றாதீர்கள், வீங்கிய காலை மறுபடி உள்ளே நுழைக்க முடியாது. நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரு பக்க எலும்பு முடிச்சுகளின் பின்விளிம்பில் கீழ்க்கடைசி 6 செ.மீ.க்குள் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து பாதி தூரத்தில் புடைத்திருக்கும் எலும்பில் வலித்தாலும் அப்படியே. இது எதுவும் இல்லாவிட்டால் கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி, துணிக்கு மேல் 15 நிமிடம் ஐஸ் வைக்கலாம். முதல் மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவுவதோ உழிச்சலோ கூடாது. உள்ளே கசியும் ரத்தத்தை அது அதிகமாக்கும். எலும்பு முறிவு இருந்தால் இன்னும் மோசம்.

களத்துக்குப் போக இரண்டு மூன்று வாரம் முன்பே ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பதையும், ஒரு படி உயரத்திலிருந்து ஒற்றைக்காலால் மெதுவாக இறங்கி ஏறுவதையும் 15 தடவை வீதம் மூன்று சுற்று பழகுங்கள். மேலே ஏறுவது மூச்சு வாங்கும், ஆனால் கால் பிசகுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். அதற்கான பயிற்சி இது.

அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். அதன் எச்சில் ரத்தம் உறைவதைத் தடுப்பதால் கொஞ்ச நேரம் கசியும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். உண்மையில் பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு. புதர்ச் சிற்றுண்ணியின் இளம் பருவம் கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைஃபஸ். ஆடி முடித்ததும் உடையைச் சுடுநீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, இடுப்புப் பட்டி, தொடை இடுக்கு, அக்குள், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் புதருக்குள் போனதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிகரெட் சுட்டதுபோல கறுத்துக் காய்ந்த வலியில்லாத புண் எங்காவது இருந்தால் அதையும் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.