கூட்ஸ் வண்டியில் என்ன போகிறது என்று உங்கள் ஊருக்குத் தெரியுமா?

வட சென்னைப் பக்கத் தொழிற்சாலைகளில் தீப்பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வருகிறவர்களிடம் வழக்கமாக ஒன்று கேட்பேன்: உங்கள் ஊர் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகும் டேங்கர் வேகன்களில் என்ன இருக்கிறது? "பெட்ரோல்தான் சார்" என்று சட்டென்று பதில் வரும். பெட்ரோலாக இருக்கலாம், டீசலாகவோ நாப்தாவாகவோ சமையல் எரிவாயுவாகவோகூட இருக்கலாம். ஒவ்வொன்றும் கசிந்தால் பரவும் விதம் வேறு, அணைக்கும் முறை வேறு, நாம் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதும் வேறு.

2025 ஜூலை 13 அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கரும்புகையைப் பார்த்துப் பயந்தவர்கள், அதே இடத்தில் குளோரினோ அம்மோனியாவோ கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்க்க வேண்டும். அப்போது ஊரை விரட்டுவது புகை அல்ல, காற்று.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் நடந்ததை நான் ஒவ்வொரு பயிற்சியிலும் விவரமாகச் சொல்கிறேன். 2023 பிப்ரவரி 3 இரவு, அந்த வழியாகப் போன ஒரு சரக்கு ரயிலில் ஒரு சக்கரத்தின் பேரிங் சூடேறிக்கொண்டே வந்தது. தண்டவாளம் ஓரம் இருந்த வெப்பமானிகள் அதைப் பதிவு செய்துகொண்டும் இருந்தன: முதலில் வெளி வெப்பத்தைவிட 38 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல், அடுத்த இடத்தில் 103, அதற்கடுத்து சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் வரும்போது 253. ஆனால் வண்டியை நிறுத்திப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கைக்கு அந்த ரயில் நிறுவனம் வைத்திருந்த வரம்பு 170. அதனால் 103 என்பது ஓட்டுநர் காதுக்கே போகவில்லை. படிப்படியாக ஏறுகிறது என்பதைப் பார்க்காமல், வரம்பைத் தாண்டியதா என்று மட்டும் பார்த்தார்கள். கருவிகள் இன்னும் நெருக்கமாக இருந்திருந்தாலே வண்டியை முன்னாடியே நிறுத்தியிருக்க முடியும் என்பது என் கருத்து.

38 பெட்டிகள் தடம் புரண்டன. அதில் 11 ஆபத்தான ரசாயனம் ஏற்றியவை. ஐந்தில் வினைல் குளோரைடு, நம் வீட்டு பிவிசி குழாய்க்கு மூலப்பொருள், புற்றுநோய் உண்டாக்கும் வாயு. தீயணைக்க ஓடி வந்தவர்களுக்கு எதில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. பெட்டிகளில் மாட்டியிருந்த எச்சரிக்கைப் பலகைகள் பிளாஸ்டிக். தீயில் உருகிப் போயிருந்தன. எந்தப் பெட்டியில் என்ன சரக்கு என்ற பட்டியல் கைக்கு வர ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. அப்புறம் பிப்ரவரி 6-ஆம் தேதி, அந்த ஐந்து பெட்டிகளும் வெடித்துவிடும் என்று சொல்லி வேண்டுமென்றே திறந்து எரித்தார்கள். முடிவெடுக்க ஊர்த் தீயணைப்புத் தலைவருக்குக் கிடைத்தது 13 நிமிடம். வெடிக்க வாய்ப்பில்லை என்று ரசாயனத்தைத் தயாரித்த நிறுவனம் ரயில்காரர்களிடம் சொன்னது அவரை வந்து சேரவே இல்லை. அப்படி எரித்திருக்கவே தேவையில்லை என்று, விபத்தை விசாரித்த அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிற்பாடு சொன்னது.

கனடாவின் லாக்-மெகான்டிக்கில் 2013-ல் 47 பேர் இறந்தபோதும், பெட்டியில் இருப்பது என்ன என்று சரியாகத் தெரியாத இந்தச் சிக்கல் இருந்தது. பிரேக் பிடிக்காமல் சரிவில் உருண்டு வந்த 72 டேங்கர்களில் இருந்த கச்சா எண்ணெயின் ஆபத்தை, ஆவணத்தில் உண்மையைவிடக் குறைத்துப் போட்டிருந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான், எந்தச் சரக்கு போகிறது என்பதை நகராட்சிகளுக்குத் தெரிவிக்கும்படி ரயில் நிறுவனங்களுக்கு அந்த அரசு உத்தரவு போட்டது. அமெரிக்காவும் 2024-ல் சரக்குப் பட்டியலை மின்னணு முறையில் உடனுக்குடன் கொடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. நம் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கும் இது வேண்டும். வண்டி வருவதற்கு முன்னாலேயே வேண்டும், விபத்து நடந்த பிறகு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை கூடாது. உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள், ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு ஊர் சார்பில் எழுதுங்கள். இதைக் கேட்பது நம் உரிமை.

அதுவரை நீங்கள் தெரிந்துவைக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டிகளில் நான்கு இலக்க எண் இருந்தால் கவனியுங்கள்: 1203 என்றால் பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1017 குளோரின், 1005 அம்மோனியா. விபத்து என்றால் கிட்டப் போய்ப் பார்க்கவே கூடாது. தூரத்தில் நின்று போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகுங்கள், பள்ளத்தில் நிற்காதீர்கள், ஏனென்றால் குளோரினும் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானவை, தாழ்வான இடத்தில் தங்கும். பக்கத்தில் பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிந்தின எண்ணெயைப் பிடிக்க யாராவது குடம் எடுத்து வந்தால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, தடுத்து நிறுத்துங்கள்.

112-க்கோ ரயில்வேயின் 139-க்கோ பேசும்போது, "ஸ்டேஷன் தாண்டி ஒரு வேப்பமரம்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. மின்பாதையாக இருந்தால் ஓரத்துக் கம்பங்களில் 42/15 மாதிரி எண் எழுதியிருக்கும். முன்னது கிலோமீட்டர், பின்னது அந்தக் கிலோமீட்டரில் கம்பத்தின் எண். அதைச் சொன்னால் கட்டுப்பாட்டு அறைக்கு இடம் உடனே பிடிபடும்.